வெறும் அலர்ஜி

மகளின் கைப்பையை வாங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார் வேல்பாண்டி. சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அவுக கிளம்புற வரைக்கும் இதத் தொடக் கூடாது, ஆமா."

"முதல்லயே சொல்லிட்டா நல்லதுப்பா," என்றாள் அனுஷ்கா.

"சொல்லித்தானே ரெண்டு இடம் தட்டிப்போச்சு? எல்லாம் முடிஞ்சு மெதுவாச் சொல்லிக்கலாம். நீ பேசாம இரு."

கம்பத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அனுஷ்காவுக்கு வயது இருபத்தேழு. அதற்கு மேல் அவள் வாதாடுவதற்குள் பெண் பார்க்க வந்தவர்களின் கார் வாசலில் நின்றது.

மாப்பிள்ளை தமிழ்மாறன் வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் செய்பவன். கூடலூரில் இருந்த பெண் வீடு வரை பேசாமல் வந்தவன், வீட்டுக்குள் உட்கார்ந்த பிறகும் பேசவில்லை. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"தம்பிக்குச் சளியா?" என்று கேட்டார் வேல்பாண்டி.

"அதெல்லாம் இல்லண்ணே. பூண்டுத் தூசி. வெறும் அலர்ஜி," என்றார் அவனுடைய அம்மா சுருளியம்மாள். "சீக்குன்னு ஆசுபத்திரி வாசல மிதிச்சவுக எங்க வீட்ல கிடையாது. உங்க பொண்ணு எப்படி?"

"அவளுக்கென்ன? காய்ச்சல்னு ஒருநாள் படுத்தது கிடையாது."

காய்ச்சல் என்ற சொல்லை வேல்பாண்டி யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார்.

அனுஷ்கா காபித் தட்டோடு வந்தாள். சுருளியம்மாளின் முகம் மலர்ந்தது. "நல்லா இருக்கா. ஏண்ணே, நல்ல காரியம் பேசுற வீடு, சாம்பிராணி போடலையா?"

வேல்பாண்டியின் மனைவி முத்துலட்சுமி திருதிருவென்று விழித்தார். அந்த வீட்டில் சாம்பிராணி போட்டுப் பன்னிரண்டு வருடமாகிறது. 'போடு' என்று கண்ணைக் காட்டினார் வேல்பாண்டி. முத்துலட்சுமி பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்க் கரண்டி நிறையத் தணலும் சாம்பிராணியும் வாங்கிவந்தார்.

கூடம் முழுக்கப் புகை சூழ்ந்தது. அப்பாவும் அம்மாவும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அனுஷ்கா நகர்ந்து ஜன்னலோரம் போய் நின்றாள்.

"கீ… கீ…" என்று மெலிதாக ஒரு விசில் சத்தம் கேட்டது.

வேல்பாண்டிக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அனுஷ்கா சாதாரணமாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் தமிழ்மாறனின் நெஞ்சிலிருந்து வந்தது.

அவன் முன்பக்கம் குனிந்து நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தான். ஏதோ சொல்ல முயன்றான், ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

"ஏலே! என்னடா பண்ணுது?" என்று அலறினார் சுருளியம்மாள். "யாராச்சும் தண்ணி கொண்டாங்களேன்!"

"தண்ணி வேணாம் அத்தை, குடுக்காதீங்க. அம்மா, அந்தக் கரண்டிய வெளிய கொண்டுபோ," என்ற அனுஷ்கா, அப்பாவின் முன்னால் வந்து கையை நீட்டினாள். "சாவி."

வேல்பாண்டி காது கேட்காதவர்போல நின்றார்.

"அப்பா, அவுக உதடு நீலமாகுது. சாவியக் குடுங்க!"

அவர் கொடுத்தார். பீரோவைத் திறந்து கைப்பையிலிருந்து நீல நிற இன்ஹேலரை எடுத்தாள் அனுஷ்கா. அதை ஒரு பிளாஸ்டிக் குழலில் பொருத்தி, வாய்ப்பகுதியைத் துடைத்து அவன் வாயில் வைத்தாள்.

"நிமிர்ந்து உக்காருங்க. நான் அமுக்குறப்ப மெதுவா உள்ள இழுங்க. அப்படியே மூச்சப் பிடிங்க. ம்… இப்ப விடுங்க. இன்னொரு தடவை."

நாலு தடவை மருந்து உள்ளே போனது. பத்து நிமிடத்தில் விசில் அடங்கியது. தமிழ்மாறன் முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தான்.

"தேங்க்ஸ்," என்றான்.

சுருளியம்மாள் சேலைத் தலைப்பால் மகனின் முகத்தைத் துடைத்துவிட்டார். "புகை அலர்ஜி போல. நீ மருந்துக்கடைல இருக்கதால டக்குனு புரிஞ்சுக்கிட்ட, ஆத்தா."

"அலர்ஜி மூக்கோட நின்னா தும்மல் அத்தை. நெஞ்சுக்குள்ள இறங்கிட்டா இதுதான் ஆஸ்துமா. சீக்கிரம் டாக்டர்கிட்டக் காட்டுங்க. இந்த மருந்து அவசரத்துக்குத்தான். தினமும் இழுக்கிற மருந்து ஒண்ணு தருவாக. அத விடாம எடுத்தா இப்படித் திணறாது." அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள். "இது என்னோட இன்ஹேலர்தான். ஒன்பதாவது படிக்கிறப்ப இருந்து எனக்கும் ஆஸ்துமா. தினமும் மருந்து எடுக்கிறதாலதான் இந்தப் புகையிலயும் நிக்கிறேன்."

வேல்பாண்டி கையைக் கூப்பினார். "மறைச்சது என் தப்புதான், தங்கச்சி. மனசுல வச்சுக்காதீங்க."

"அட, என்னண்ணே நீங்க! எம்புள்ள உசுரக் காப்பாத்தியிருக்கா." சுருளியம்மாள் அனுஷ்காவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். முத்துலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் நல்லதுக்குத்தான் என்று நினைத்தபடி பூ எடுத்துவர உள்ளே போனார்.

அவர் பூவோடு திரும்பியபோது சுருளியம்மாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். தமிழ்மாறன் அம்மாவைப் பார்த்தான், அப்புறம் தரையைப் பார்த்தான்.

"பொண்ணு தங்கம்ண்ணே. அதுல மாத்துக் கருத்தே இல்ல," என்றார் சுருளியம்மாள். "ஆனா ஆஸ்துமா உள்ள பொண்ண எப்படிண்ணே மருமகளா எடுக்க? நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவாக?"

மகன் காரில் ஏறியதும் கார்க் கதவுவரை போன சுருளியம்மாள், ஏதோ ஞாபகம் வந்தவராக வேகமாகத் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"வடுகபட்டி போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆகும்… உங்க பொண்ணோட அந்த நீலப் பம்ப மட்டும் குடுத்துவிடுங்கண்ணே."