பறக்காத தொப்பி

"முப்பது வருஷமா நான் வாசிச்சது உனக்குக் குப்பையா போச்சா, ஹோபர்ட்?"

கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்த பிறகு, லொரீன் தானே திறந்துகொண்டு உள்ளே வந்திருந்தாள். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஹோபர்ட், அவள் நிழல் மடியில் விழுந்ததும்தான் திரும்பினான். அவள் அதையே மறுபடியும் கேட்டாள்.

"குப்பைன்னு யாரு சொன்னா?" என்றான்.

"பேப்பர்லயே போட்டுட்டான். குப்பையையெல்லாம் கூட்டித் தள்ளிட்டு, ஒத்தக் கிட்டாரோட எழுந்து வந்துட்டாராம் டென்னசியோட கிழட்டுச் சிங்கம். கூட்டித் தள்ளின குப்பை நான்தானே?"

பத்து வருடமாக எந்த வானொலியும் சீண்டாத ஹோபர்ட்டின் பாட்டு, இந்த வசந்தத்திலிருந்து ஊர் முழுக்க ஒலிக்கிறது. பிடில் இல்லை, டிரம்ஸ் இல்லை, அவளுடைய ஸ்டீல் கிட்டாரும் இல்லை. இதே முன்னறையில் ஒற்றை மைக் வைத்துத் தனியாகப் பாடிய பாட்டுகள். இசைத்தட்டின் அட்டைப் படத்தில், கிட்டாரின் விளிம்பில் தாடையை அழுத்திக் கண்ணை மூடியிருந்தான். என்ன ஒரு ஒட்டுதல் என்று அதற்கும் யாரோ உருகி எழுதியிருந்தார். பழைய குழுவில் ஒருவருக்கும் ஒரு போன்கூட வரவில்லை.

அவளுடைய ஸ்டீல் கிட்டார் அறை மூலையில் நான்கு காலில் நின்றது. அதை எடுத்துப்போகத்தான் வண்டியோடு வந்திருந்தாள். அவனுக்கு முதுகைக் காட்டி உறையை உருவிக்கொண்டே, ஒரு மன்னிப்பாவது கேட்டால் இப்போதே எல்லாவற்றையும் மறந்துவிடுவதாகச் சொன்னாள். பதில் இல்லை. அவ்வளவு திமிர்.

அந்தத் திமிரை எங்கே அடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஹோபர்ட்டின் காது ஊரறிந்த காது. நாக்ஸ்வில் மேடையில் அவளுடைய ஒரு கம்பி சுருதியில் மயிரிழை இறங்கியிருந்ததற்கு, பாட்டைப் பாதியில் நிறுத்தி, இரண்டாயிரம் பேர் பார்க்கத் தொப்பியை அவள் மேல் வீசியவன்.

அவன் முன்னால் போய் நின்றாள். "கடைசியா ஒரு பாட்டு. பாடுறியா?"

ஹோபர்ட்டின் முகம் மலர்ந்துவிட்டது. கிட்டாரைத் தாடையோடு அணைத்துக்கொண்டு, இருவரும் முதன்முதலில் சேர்ந்து பதிவு செய்த பாட்டைத் தொடங்கினான்.

லொரீன் தன் ஸ்டீல் கிட்டாரின் முன் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டி வைத்தாள். கம்பிகளின் மேல் நகர்த்தும் இரும்புத் துண்டை வேண்டுமென்றே ஒரு கட்டம் தள்ளிவைத்து, முழுப் பாட்டையும் அரைச் சுருதி ஏற்றி வாசித்தாள். அவளுக்கே பல் கூசியது. அவன் காலடியில் தூங்கிய நாய் ஊளையிட்டபடி வெளியே ஓடியது. வீசு, இப்போது வீசு தொப்பியை என்று காத்திருந்தாள்.

ஹோபர்ட் அவள் கைகளையே பார்த்தபடி கடைசி வரி வரை பாடினான். பிறகு தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"உன் கை கொஞ்சமும் மாறல, லொரீன். ஒரு இடத்துலகூட சுருதி பிசகல."

லொரீன் இரும்புத் துண்டைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து அவன் முகத்துக்கு நேரே குனிந்து, உதடு நன்றாக அசையும்படி மெதுவாகக் கேட்டாள்: "எத்தனை நாளா உனக்குக் காது கேக்கல, ஹோபர்ட்?"