ஆறு இலக்கம்

துப்பாக்கிப் பெட்டகத்தைச் சுவரோடு சேர்த்து நான்கு போல்ட்டுகளை முடுக்கிவிட்டு மெக்கானிக் நிமிர்ந்தான்.

"வீட்ல வாண்டுங்க எத்தனை சார்? இப்பல்லாம் செல்போன் லாக்கையே ஊதித் தள்ளிடுதுங்க. பிறந்தநாள், கல்யாண நாளை மட்டும் நம்பரா வெச்சிடாதீங்க."

"நம்பரை மச்சான் வைப்பாரு" என்றார் வீட்டுக்காரர்.

துப்பாக்கி சுடும் போட்டியில் தன் தங்கைக்குப் பதக்கம் வாங்கித்தந்த ரைஃபிளை மச்சான் உள்ளே வைத்தார். தோட்டாக்களைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க மாப்ள."

வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொத்தான் ஆறு முறை ஒலித்தது.

மெக்கானிக் சிரித்தான். "நல்ல கூத்து சார்! உங்க வீட்டுப் பெட்டி, உங்களுக்கே நம்பர் தெரியாதா? உங்க வீட்டு அக்காகிட்டயாவது சொல்லுவாரா?"

"அவ ஆஸ்பத்திரிக்குப் போனவ, திரும்பி வரல. ரெண்டு மாசம் ஆச்சு."

மெக்கானிக்கின் சிரிப்பு நின்றது. "புள்ளைங்க?"

"இல்ல. நான் மட்டும்தான்."

"அப்புறம் யாருக்குப் பயந்து சார் இந்தப் பூட்டு?"

வீட்டுக்காரர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"நான் அழுது கேட்டாலும் அந்த நம்பரைச் சொல்லிடாதீங்க மச்சான்."