ஏப்ரனுக்கு ஓர் எக்ஸ்ரே

"ஏப்ரனை மாட்டிக்கம்மா. ஒரு எக்ஸ்ரே எடுத்துக் காட்டு, பாப்போம்."

சகாயசெல்வி நீட்டியதை தேவதர்ஷினி இரண்டு கைகளாலும் வாங்கினாள். கதிர் உடம்பில் படாமல் தடுக்கிற ஈய ஏப்ரன். நல்ல கனம். வாங்கிய கையோடு தடவிப் பார்த்தாள். உள்ளே ஏதோ நொறுங்கிக் கிடப்பதுபோல விரலில் நெருடியது.

வாயைத் திறக்கப் போனவளுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. காலையில் அய்யலூரில் பஸ் ஏற்றிவிடும்போதே மணிமேகலை சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

"ஏற்கெனவே ரெண்டு இடத்துல உன் வாயாலதான் வேலை கிடைக்கல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு தாயி. இதுவும் இல்லேன்னா சென்னைக்குத்தான் போகணும். உங்கப்பா அனுப்பவா போறாரு?"

உண்மைதான். வீட்டிலிருந்து போய்வருகிற தூரத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியன் வேலை காலி இருப்பது திண்டுக்கல்லில் இந்த ஸ்கேன் சென்டரில் மட்டும்தான். இதுவும் கைநழுவினால் படித்த படிப்பு வீணாகத்தான் போகும்.

முதலாளி ஈஸ்வரன் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெஷின் அணைந்து கிடந்தாலும் எக்ஸ்ரே அறைக்குள் அவர் கால் வைக்க மாட்டார். கதிர் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவருக்கு ஒரு பயம். அதனால் நேர்முகத் தேர்வில் தொழிலைச் சோதிக்கிற வேலையை, அங்கே எக்ஸ்ரே எடுக்கிற சகாயசெல்வியிடம் விட்டிருந்தார். "எனக்கு எதுத்துப் பேசாத ஆளா வேணும்" என்று வந்தவர்கள் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லியும் இருந்தார்.

"என்னம்மா தடவிக்கிட்டே நிக்குற?"

"மேடம், இது உள்ள விரிசல் விட்டிருக்கு."

"அது ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு. உனக்கு முன்னாடி வந்த ரோஷன் மறுபேச்சில்லாம மாட்டிக்கிட்டான்."

"வேற ஏப்ரன் இல்லையா?"

"இருந்தா குடுக்க மாட்டேனா? முதலாளி வாங்கித் தரமாட்டேங்கிறாரு. நீ என்ன செய்வ?"

பேசாமல் மாட்டிக்கொள் என்றது அம்மாவின் குரல். மாட்டிக்கொண்டால் வேலை கிடைத்துவிடும். தேவதர்ஷினி ஏப்ரனைத் தலை உயரத்துக்குத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே இறங்கிவிட்டது.

"புதுசு கேப்பேன்."

"தரலேன்னா?"

"மறுபடி கேப்பேன்."

"வேலைய விட்டுப் போன்னுட்டா?"

தேவதர்ஷினிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தினமும் இதே அறையில் நிற்கிறவர், முதலாளிக்கு இப்படி வக்காலத்து வாங்குகிறாரே!

"மேடம், இது என் உடம்போட போற விஷயம் இல்ல. கைப்பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுக்கணும்னா பெத்தவதான் பிள்ளையப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அவளுக்கும் இதத்தானே மாட்டி விடுவீங்க? நம்மள நம்பித்தானே நிப்பா?"

"இம்புட்டுப் பேசுறியே, விரிசல்னு உன் விரல் சொன்னாப் போதுமா?"

"போதாது. எக்ஸ்ரே எடுத்துக் காட்டத்தானே சொன்னீங்க? எடுத்துக் காட்டுறேன். தடுப்புச் சுவருக்குப் பின்னால வாங்க."

ஏப்ரனை ஒரு நோயாளியைப் படுக்க வைப்பது போல மேஜையில் விரித்தாள். மெஷினின் எக்ஸ்ரே குழாயை அதற்கு நேராகத் திருப்பினாள். இருவரும் தடுப்புக்குப் பின்னால் போனதும் பொத்தானை அழுத்தினாள்.

கம்ப்யூட்டரில் படம் வந்தது. ஒரே வெள்ளையாக இருக்க வேண்டிய ஈயத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்புக் கோடுகள், தண்ணீர் வற்றி வெடித்த கண்மாய் மாதிரி. நெஞ்சுப் பக்கம் ஒரு கோடு விரல் தண்டி ஓடியது.

"இத உங்க முதலாளிட்ட காட்டுங்க. வேலை குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி, நான் இத மாட்ட மாட்டேன். யாருக்கும் மாட்டியும் விட மாட்டேன்."

சகாயசெல்வி படத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூலையில் இருந்த கட்டைப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். மூன்றாவது இடத்திலும் வாயால் கெட்டோம் என்று நினைத்துக்கொண்டே தேவதர்ஷினி பின்னால் போனாள்.

"எப்படி இந்தப் பிள்ளை?" என்றார் ஈஸ்வரன்.

"தொழில் சுத்தமாத் தெரியுது சார். எடுன்னு சொன்னதும் எடுத்துக் காட்டிருச்சு."

"எதுத்துப் பேசுமா?"

"இதுவா? வாயே கிடையாது சார்."

தேவதர்ஷினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து அவள் வாயடைத்து நின்றது அப்போதுதான்.

"அப்ப நாளைக்கே வந்து சேந்துரும்மா" என்றார் ஈஸ்வரன் திருப்தியாக. "சகாயசெல்வி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வாசல் படியில் தேவதர்ஷினி ஓடிப்போய் சகாயசெல்வியை மறித்தாள்.

"மேடம், ஏன் பொய் சொன்னீங்க? நாளைக்கே அவர்ட்ட புது ஏப்ரன் கேட்டுச் சண்டை போடுவேன். உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"போடு. நல்லாப் போடு."

"நீங்களும் கூட நிக்கணும்."

சகாயசெல்வி முதல் தடவையாகச் சிரித்தார். கட்டைப்பையில் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியிலிருந்து ஓர் எக்ஸ்ரே ஃபிலிமை உருவி வெயிலுக்கு நேரே பிடித்தார். அதே ஏப்ரன். அதே கறுப்புக் கோடுகள்.

"போன மாசம் இத அவரு மேசையில கொண்டுபோய் வச்சேன், இன்னையோட என்னை வேலைய விட்டு நிப்பாட்டிட்டாரு" என்றார் சகாயசெல்வி. "என் இடத்துக்கு எதுத்துப் பேசாத ஆளா ஒண்ணப் பாத்துக் குடுத்துட்டுப் போன்னு என்கிட்டயே சொல்லியிருக்காரு!"