ஆமை வைக்காத தடம்

கோப்பை வென்ற அணிகளின் பழைய பந்துகளைச் சேர்ப்பதென்றால் கீரிக்கு உயிர். ஆட்டக்காரர்கள் எல்லாரும் மையில் கால் தோய்த்துப் பதித்த தடங்கள் அவற்றில் இருக்கும். ஒரே ஒரு பந்தில் மட்டும் அந்த அணியின் கோல் கீப்பர் ஆமையின் தடம் இல்லை.

கீரி அந்தப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஆமை இருந்த குளக்கரைக்குப் போனது.

"இன்றைக்குக் கால் வலிக்கிறது, நாளைக்கு வாருங்கள்" என்றது ஆமை. ஆனால் அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றிச் சாயங்காலம்வரை பேசியது. மறுநாள் மை சரியில்லை என்றது. அன்றைக்கும் பேச்சு நீண்டது. இப்படியே ஒன்பது நாள் போயிற்று.

பத்தாம் நாள் கீரி கேட்டுவிட்டது. "தடம் வைக்க உங்களுக்கு மனசில்லையா?"

ஆமை தலையைப் பாதி உள்ளே இழுத்துக்கொண்டது. "வைத்துவிட்டால் நீங்கள் வரமாட்டீர்களே. என்னோடு ஆடியவர்கள் யாரும் இப்போது இல்லை."

பிறகு மையில் காலைத் தோய்த்து, அழுத்தமாகப் பதித்துக் கொடுத்தது.

கீரி பந்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தது. எத்தனை நாள் ஏங்கிய பந்து! ஆனாலும் கீரிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் வேறொரு பந்தோடு குளக்கரையில் வந்து நின்றது. ஆமை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"இந்த அணியில் நான் ஆடவே இல்லையே."

"தெரியும்" என்று கீரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. "இவர்களிடம் நீங்கள் தோற்ற கதையைச் சொல்லுங்கள்."