கண்ணாடி மூடி

"சத்தம் சுத்தமா அடங்கிடுச்சும்மா" என்றார் பெரியவர்.

கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே பஞ்சு ஒட்டிய இரும்புத் தகட்டை நேற்று மாட்டியவள் அவள்தான். "கண்ணாடி பார்க்க ஷோக்கா இருக்கும் சார். ஆனா ஃபேன் இரைச்சல் அப்படியே வெளியே வந்துடும்."

"அதையே திரும்ப மாட்டிடு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இரைச்சல் உயிரை வாங்குதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

நல்ல கூத்து என்று முணுமுணுத்தபடி மாட்டினாள். சுவிட்சைப் போட்டதும் ஃபேன்கள் இரைந்தன. திரை பாஸ்வேர்டு கேட்டது.

"பாஸ்வேர்டு என்ன சார்?"

"தெரியாது. என் பொண்ணோடது."

"அப்ப அவங்க வந்து பார்த்துக்கட்டும். அணைச்சிடறேன்."

"அணைக்காதேம்மா!" பதறியவர் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு விபத்துல போயிட்டா. பக்கத்து ரூம்ல படுத்திருக்கிற என் சம்சாரத்துக்கு மறதி நோய். பொண்ணு எங்கேன்னு கேப்பா. சொன்னா, அப்பத்தான் கேள்விப்பட்ட மாதிரி நெஞ்சில அடிச்சுக்கிட்டு அழுவா. கொஞ்ச நேரத்துல மறந்துட்டு மறுபடியும் கேப்பா. இந்த இரைச்சல் கேட்டா மட்டும், பொண்ணு உள்ளே வேலை பார்க்கறான்னு நிம்மதியா இருப்பா. அந்த இரைச்சலை என்னாலதான் தாங்க முடியல, அடக்கச் சொன்னேன். நேத்திலிருந்து அந்தச் சாவை எத்தனை தடவைதான் சொல்றது?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"வேலை கிடக்கட்டும், சாப்பிட வாடி!"



மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இதோ வந்துட்டேம்மா."