ஒரே பாயில் ஒரு பைனல்

பரசுராமன் தறியை நிறுத்திவிட்டு, தெரிந்த உருதுவில் போனில் சலீமோடு பேசிக்கொண்டிருந்தான். இருவரும் அர்ஜென்டினா ரசிகர்கள். பன்னிரண்டு வருஷச் சிநேகம்.

“ஒரே பாயில உட்கார்ந்து பைனல் பார்க்கணும்னு எத்தினி வருஷமா பேசிகினே இருப்பீங்க? ஆற்காட்டுலேர்ந்து ஆரணிக்கு பஸ்ஸா இல்ல?” மனைவி புஷ்பலதா போனைப் பிடுங்கினாள். “அண்ணே, ஜல்தி வாங்க, சீக்கிரம்! பிரியாணி என் பொறுப்பு!”

பரசுராமன் போனுக்காகக் கை நீட்டினான்.

“உருது பேசினா ஆற்காடுதானாடி?” என்றான் பரசுராமன் மெதுவாக. “அவன் கராச்சி, நெட்ல கெடச்ச சிநேகம். ரெண்டு தடவை விசா கேட்டான், குடுக்கல. தமிழும் தெரியாது.”

அவள் கூசிப்போய் போனை நீட்டினாள். அதற்குள், தனக்குப் புரிந்த ஒற்றைச் சொல்லுக்கு சலீம் பதில் சொல்லிவிட்டான்.

“ஜல்தி...” என்றான். மறுபடியும் “ஜல்தி” என்றான்.