புரியல, மிஸ்!

"மிஸ், புரியல. இன்னொரு தடவ போடுறீங்களா?"

பாயிஜா எழுந்து நின்றதும் பிளஸ் ஒன் வகுப்பே சிரித்தது.

திலகவதிக்கு எரிச்சலாக வந்தது. நெய்வேலிக்கு வந்து வேலையில் சேர்ந்து இரண்டே மாதம். சுழற்சி இயக்கம் பாடம் ஆரம்பித்ததிலிருந்து இந்தப் பெண் வாரத்துக்கு ஒரு தடவையாவது இப்படி எழுந்துவிடுகிறாள்.

போர்டில் இருந்தது ரொம்ப கஷ்டமான கணக்கும் இல்லை. ஒரே எடை, ஒரே ஆரம் உள்ள ஒரு வளையமும் ஒரு வட்டத் தட்டும் சரிவில் உருண்டு வருகின்றன. எது முதலில் கீழே வரும்?

"எந்த ஸ்டெப் புரியல?"

"மூணாவதுல இருந்து, மிஸ்."

"போன வாரம் நிறை மையம் நடத்தினப்பவும் இதையேதான் கேட்ட. கவனமெல்லாம் எங்க இருக்கு?"

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "டியூப்லைட்!" என்றான். மறுபடியும் சிரிப்பு.

பாயிஜா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் உட்காரவில்லை.

திலகவதி போர்டை அழித்துவிட்டு, மூன்றாவது ஸ்டெப்பிலிருந்து திரும்பப் போட்டாள்.

"இப்பவாவது புரிஞ்சுதா?"

"புரிஞ்சிடுச்சு, மிஸ். தேங்க்ஸ்."

அன்று மாலையே திலகவதி அவள் வீட்டுக்குப் போன் செய்தாள். மறுநாள் மதியம் பாயிஜாவின் அம்மா கமர் நிஷா ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள்.

"அவ அப்பாவுக்கு மைன்ஸ்ல ஷிப்ட்டுங்க. அதான் தையல் கடைய சாத்திட்டு நானே வந்தேன். எதனா தப்பு பண்ணிட்டாளா, டீச்சர்?"

"தப்பெல்லாம் இல்லீங்க. உங்க பொண்ணுக்கு பிசிக்ஸ் ஏறல. அடிக்கடி கிளாஸ நிறுத்தி சந்தேகம் கேக்குறா. இப்பவே காமர்ஸ் குரூப்புக்கு மாத்திட்டா அவளுக்கும் நல்லது. ஹெட்மாஸ்டருக்கு லெட்டர் எழுதிட்டேன். நீங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

கமர் நிஷாவின் முகம் வாடிவிட்டது.

"வூட்ல எந்நேரமும் இதத்தானே படிச்சிக்கினு இருக்கா? இன்ஜினியர் ஆவணும்னு சின்னதுல இருந்தே ஆசைங்க அவளுக்கு."

"படிக்கிறது வேற, புரிஞ்சிக்கிறது வேற. இருங்க, காட்டுறேன்."

திருத்துவதற்காக அன்று காலையில் வாங்கி வைத்த நோட்டுகள் மேஜையில் இருந்தன. அதில் பாயிஜாவுடையதை உருவி, வளையமும் தட்டும் இருந்த பக்கத்தைத் திறந்தாள்.

'இரண்டும் ஒரே நேரத்தில் வரும்.' போர்டில் திலகவதி முதலில் எழுதிய விடை. அதன்மேல் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே பாயிஜா தானாகவே போட்டுப் பார்த்த கணக்கு: 'தட்டுதான் முதலில் வரும்.'

அதுதான் சரி. இரண்டாம் முறை போடும்போதுதான் திலகவதிக்கே தன் தவறு பிடிபட்டது. சத்தமில்லாமல் விடையை மாற்றியிருந்தாள். ஒருத்தரும் கவனிக்கவில்லை என்று நினைத்து நிம்மதியும் பட்டிருந்தாள்.

அவசரமாகப் பக்கங்களைப் பின்னால் தள்ளினாள். நிறை மையம் கணக்கிலும் அதே பென்சில் கேள்விக்குறி.

மேஜையிலிருந்த லெட்டரை எடுத்து இரண்டாகக் கிழித்தாள்.

"என்னங்க டீச்சர்?" கமர் நிஷா பதறினாள்.

"ஒண்ணுமில்லீங்க. பாயிஜா இதே குரூப்ல படிக்கட்டும். நான்தான்..."

நோட்டை அவள் பக்கம் திருப்பிவைத்தாள்.

பக்கத்தின் ஓரத்தில், பக்கத்து சீட் மலர்கொடியின் கையெழுத்து: "மிஸ் தப்பா போட்டுட்டாங்கடி. எழுந்து சொல்லு."

அதன் கீழே பாயிஜா எழுதியிருந்தாள்:

"சொன்னா எல்லாரும் மிஸ்ஸப் பாத்து சிரிப்பாங்க. எனக்குப் புரியலன்னு கேக்குறேன். என்னப் பாத்து சிரிச்சிட்டுப் போகட்டும்."